வலைப்பக்கத்திற்கு ஆடை புனைதல்

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. தீபாவளி நெருங்கும் நாட்களில் பதுளைக் கடைவீதியில் நின்று பார்ப்போர்க்கு இதன் உண்மை விளங்காமற் போகாது. பசறையிலிருந்தும் ஹாலிஎலையிலிருந்தும் தெமோதரையிலிருந்தும் பஸ் ஏறி வருகின்ற குடும்பங்கள் துணிக்கடைகளில் நிறைந்திருக்கும். புதுச்சட்டை அணிந்த பிள்ளையைக் கண்டதும் தாயின் முகம் மலர்கின்றது. ஆயினும் சட்டையை மாற்றியதனாற் பிள்ளை மாறிவிடுவதில்லை. அடுத்த ஆண்டு வேறு சட்டை வரும். பிள்ளை என்னவோ அதே பிள்ளைதான்.

இந்த எளிய உண்மையை மனத்திற் கொண்டவர்க்கு, இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள் கடினமாகத் தோன்றாது. கணினியிலும் கைத்தொலைபேசியிலும் நாம் காணும் வலைப்பக்கங்களுக்கு நிறமும் அளவும் அமைப்பும் கொடுக்கின்ற கலையே அப்பொருள். ஆங்கிலத்தில் அதனைக் ‘கஸ்கேடிங் ஸ்டைல் ஷீட்ஸ்’ என்பர், சுருக்கமாகச் சி.எஸ்.எஸ். எனக் கூறுவர். நாம் அதனைப் ‘பாணித்தாள்’ என அழைப்போம். க.பொ.த. உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் மாணவர்க்கு இது பாடத்திட்டத்தில் அமைந்த பகுதியாகும். பரீட்சையில் இரண்டு வினாவுக்கு விடையளித்தாற் போதுமென்று உருப்போடுவோர் உளர். ஆனால் இக்கலையினுள் பரீட்சையைக் காட்டினும் பெரிய உண்மையொன்று பொதிந்து கிடக்கின்றது. எழுதிய பொருள் வேறு, அதன் தோற்றம் வேறு. இரண்டையும் கலந்துவிட்டால் ஒருநாள் பொருளையே இழக்க நேரும் என்பதே அவ்வுண்மை. தமிழர் இதனைப் பெரும் விலை கொடுத்தே கற்றனர்.

இக்கலை பிறந்த கதை

சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள சேர்ன் ஆய்வுநிலையத்தில் 1989-ஆம் ஆண்டு டிம் பேர்ணர்ஸ்-லீ என்பார் உலகளாவிய வலைக்கு வித்திட்டார். அதன் பக்கங்களை எழுதுவதற்கு எச்.டி.எம்.எல். என்னும் குறியீட்டு மொழி தோன்றியது. ‘இது தலைப்பு, இது பந்தி, இது பட்டியல்’ என ஒவ்வொன்றும் இன்னதெனச் சொல்லுவதே அம்மொழியின் வேலை. தலைப்பு எந்நிறத்தில் இருக்க வேண்டும், பந்தி எவ்வளவு இடைவெளியோடு அமைய வேண்டும் என்பதை அது அதிகம் பொருட்படுத்தவில்லை.

மக்களோ அழகை விரும்பினர். ஆகவே நிறத்தையும் எழுத்துருவையும் எழுத்துக்களுக்கு நடுவே செருகத் தலைப்பட்டனர். நூறு தலைப்புக்கள் இருந்தால் நூறு இடங்களிலும் ‘இது நீலம், இது நீலம்’ என்று எழுத வேண்டும். நாளை நீலத்தைப் பச்சையாக்க விரும்பினால் நூறு இடங்களிலும் திருத்த வேண்டும். ஒன்றை மறந்தாலும் பக்கம் கோணலாகும்.

இத்தொல்லைக்கு மருந்தாக, நோர்வே நாட்டவராகிய ஹோக்கன் வியும் லீ 1994 ஒக்டோபர் 10-ஆம் நாள் ஒரு முன்மொழிவை வெளியிட்டார். அவரும் அப்போது சேர்ன் நிலையத்திலேயே பணியாற்றியவர். ஒல்லாந்து நாட்டவராகிய பேர்ட் பொஸ் அவருடன் இணைந்தார். இருவர் உழைப்பின் பயனாக 1996 டிசம்பர் 17-ஆம் நாள் பாணித்தாளின் முதலாவது விதிமுறை வலைக் கூட்டமைப்பினால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. தோற்றம் பற்றிய கட்டளைகள் யாவும் பக்கத்தினின்று நீங்கித் தனித்தாள் ஒன்றிற் குடிபுகுந்தன. ‘தலைப்புக்கள் அனைத்தும் நீலம்’ என்று ஓரிடத்தில் ஒரு முறை எழுதினாற் போதும். நூறு பக்கங்களும் அந்த ஒரு தாளையே பார்த்து ஆடை அணிந்துகொள்ளும்.

இதன் ஆற்றலை உலகறியச் செய்தவருள் ஒருவர் டேவ் ஷே என்பவர். 2003-ஆம் ஆண்டு அவர் ‘சென் கார்டன்’ என்னும் தளத்தைத் தொடங்கினார். அங்கே எச்.டி.எம்.எல். பக்கம் ஒன்றுதான், அதன் எழுத்தும் அமைப்பும் மாறுவதில்லை. பாணித்தாளை மட்டும் மாற்றிப் பலரும் பலவிதக் கோலங்களை அதற்குச் சூட்டினர். ஒன்று பழஞ்சுவடி போலிருக்கும்; மற்றொன்று மலர்ச்சோலை போலிருக்கும். உள்ளே உள்ள எழுத்துக்களில் ஒன்றேனும் மாறவில்லை.

தமிழுக்கு நேர்ந்த இடர்

இனி, நம் மொழிக்கு நேர்ந்ததைக் காண்போம். இலங்கைத் தமிழர் கணினியில் எழுதத் தொடங்கிய காலத்திற் பெரிதும் கையாண்ட எழுத்துருக்களுள் ‘பாமினி’ ஒன்று. அதில் எழுதும்போது திரையில் தமிழ் தோன்றும். ஆனால் கணினியின் உள்ளே பதிவாவது ஆங்கில எழுத்தே. ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியதுதான் அவ்வெழுத்துரு. அவ்வுருவைத் தன்னிடத்தே கொண்டிராத கணினியில், ‘தமிழ்’ என்னும் சொல் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாகக் காட்சியளிக்கும். படிப்பவர்க்கு அது பிதற்றலாகவே தோன்றும். தேடுபொறியில் ‘தமிழ்’ என்று தேடினாலும் அப்பக்கம் அகப்படாது. ஏனெனில் அங்கே தமிழ் இல்லை.

அன்று ஆடையே உடலாகிவிட்டது. ஆடையைக் களைந்தபோது உள்ளே ஒருவரும் இல்லை! தொண்ணூறுகளிலும் அதனையடுத்த ஆண்டுகளிலும் இவ்வாறு எழுதப்பட்ட எத்தனையோ தமிழ்ப் பக்கங்கள் இன்று வாசிப்பாரற்றுப் போயின. 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களை முதலில் ‘திஸ்கி’ என்னும் குறிமுறையில் வெளியிட்டு, பின்னர் அவற்றை ஒருங்குறிக்கு மாற்ற வேண்டியதாயிற்று. ஒருங்குறியில் தமிழ் எழுத்துக்களுக்கெனத் தனி எண்கள் உண்டு. ‘அ’ என்னும் எழுத்தின் எண் 2949. எந்நாட்டுக் கணினியிலும் அது ‘அ’ தான். எழுத்துருவை மாற்றினால் ‘அ’ தடிக்கும், மெலியும், வளையும். ஆனால் வேறெழுத்தாக மாறாது. ஆகவே, வலைப்பக்கம் எழுதப் புகும் மாணவர் முதலில் ஒருங்குறியில் எழுதுக. பின்னரே ஆடையைப் பற்றி எண்ணுக.

விதி எழுதும் முறை

பாணித்தாளில் எழுதப்படுவன யாவும் விதிகளே. ஒவ்வொரு விதியிலும் மூன்று கேள்விகளுக்கு விடை இருக்கும். யாருக்கு? எதனை? எவ்வளவு? ‘பந்திகளுக்கு, எழுத்தின் அளவு, 18 பிக்சல்’ என்பது ஒரு விதி. முதலில் பந்தியைக் குறிக்கும் ‘பி’ என்னும் ஆங்கில எழுத்து, பின்பு நெளிவு அடைப்புக்குறி, அதனுள் ‘ஃபொன்ட்-சைஸ்’ என்னும் பண்பு, அதன்பின் முக்காற்புள்ளி, பின்பு அளவு, இறுதியில் அரைப்புள்ளி.

அந்த அரைப்புள்ளியை அற்பமென்று எண்ணற்க. நிறத்தைக் குறிக்கும் வரியின் ஈற்றில் அதனை விட்டுவிட்டால், மேலோடி (உலாவி என்பாரும் உளர்) அவ்வரியையும் அடுத்த வரியையும் ஒன்றாகச் சேர்த்துப் படிக்கும். பொருள் விளங்காமையால் இரண்டையும் தள்ளிவிடும். பிழையென்று திரையிற் சொல்லவும் மாட்டாது. ‘நான் எழுதியது எடுபடவில்லையே’ என மயங்கும் மாணவர் முதலில் அதற்கு மேல் வரியின் ஈற்றைப் பார்க்க வேண்டும். நோய் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

விதிகளை மூன்று இடங்களில் எழுதலாம். குறியீட்டின் உள்ளேயே எழுதலாம். பக்கத்தின் தலைப்பகுதியில் எழுதலாம். தனிக் கோப்பாகவும் எழுதலாம். பரீட்சையில் மூன்றையும் கேட்பர். வாழ்க்கையில் மூன்றாவதே சிறந்தது. அதுவே பொருளையும் தோற்றத்தையும் முற்றாகப் பிரித்துவைக்கின்றது.

அருவியும் உத்தரவும்

‘கஸ்கேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் படிபடியாக விழும் அருவி என்பது பொருள். துன்ஹிந்த அருவியை அறிந்த பதுளை மாணவர்க்கு இச்சொல்லை விளக்க வேண்டுவதில்லை. விதிகளும் அவ்வாறே மேலிருந்து கீழாக இறங்கி வருகின்றன. மேலோடி தன்னிடத்தே சில விதிகளை வைத்திருக்கின்றது. வாசகர் தமக்கு வேண்டியவற்றைச் சேர்க்கலாம். பக்கத்தை எழுதியவரின் விதிகள் அவற்றின்மேல் வந்து விழுகின்றன.

விதிகள் தம்முள் முரண்பட்டால் எது வெல்லும்? தோட்டத்து வழக்கமே இதற்கும் விடை கூறும். ‘தோட்டம் முழுவதிலும் இன்று கொழுந்து எடுக்க வேண்டும்’ என்று ஓர் உத்தரவு. ‘மூன்றாம் இலக்க மலையில் மட்டும் கவ்வாத்து’ என்று மற்றோர் உத்தரவு. மூன்றாம் மலையில் நிற்போர் இரண்டாவதையே பின்பற்றுவர். குறிப்பிட்டுச் சொன்ன உத்தரவு பொது உத்தரவை வெல்லும். அதே மலையில் ஒரு நிரைக்கு மட்டும் தனி உத்தரவு வந்தால் அது அதனையும் வெல்லும். பாணித்தாளிலும், பந்திகள் அனைத்துக்குமான விதியை ஒரு வகுப்புக்கான விதி வெல்லும். வகுப்புக்கான விதியைத் தனி அடையாளத்துக்கான விதி வெல்லும். இரண்டும் சமமாயின், பின்னால் எழுதியதே நிற்கும்.

மரபுரிமை என்றொன்றும் உண்டு. வெளிப்பெட்டிக்குக் கொடுத்த நிறமும் எழுத்துருவும் உள்ளே உள்ளவற்றுக்கும் தாமே வந்து சேரும். ஆனால் வெளிப்பெட்டியைச் சுற்றி இட்ட கோடும், அதன் இடைவெளியும் வாரா. தந்தையின் முகச்சாயல் பிள்ளைக்கு வரும். தந்தை வீட்டைச் சுற்றி அடைத்த வேலி பிள்ளையின் உடம்பில் வந்து ஒட்டிக்கொள்ளுமோ?

பத்தடிக்குப் பன்னிரண்டடி

பக்கத்தில் உள்ள ஒவ்வொன்றும் ஒரு பெட்டியே. பெட்டியின் நடுவே பொருள்; அதனைச் சுற்றி உள்ளிடைவெளி; அதனைச் சுற்றிக் கரைக்கோடு; அதற்கும் அப்பால் அயல் பெட்டியைத் தள்ளிநிறுத்தும் வெளியிடைவெளி. லயத்து அறையில் ஆட்கள் புழங்கும் இடமும், சுவரும், வாசலுக்கு வெளியே உள்ள முற்றமும் போல இவற்றைக் கொள்ளலாம்.

புதிதாகக் கற்பவர் பலரும் வழுக்கி விழும் இடம் இதுவே. ‘பத்தடிக்குப் பன்னிரண்டடி’ என்று லயத்து அறையைப் பற்றித் தோட்டத்திற் சொல்லாதார் இல்லை. அந்தப் பத்தடி உள்ளளவா, சுவரையும் சேர்த்த அளவா? கட்டுவோன் இதனைக் கேளாமற் கட்டினால் அடுத்த அறை இடிக்கும். பாணித்தாளில், சொல்லாமல் விட்டால் அகலம் என்பது உள்ளளவையே குறிக்கும். ஒரு பெட்டியின் அகலம் 300 என்று எழுதி, இருபுறமும் உள்ளிடைவெளி 20, கரைக்கோடு 5 என்று கொடுத்தால், திரையில் அது கொள்ளும் இடம் 300 அன்று. 300-உடன் 40-உம் 10-உம் சேர்ந்து 350 ஆகும். சிறிய தொலைபேசித் திரையில் பக்கம் பக்கவாட்டில் நழுவி ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ‘பொக்ஸ்-சைசிங்’ என்னும் பண்புக்குப் ‘போர்டர்-பொக்ஸ்’ என்னும் மதிப்பைக் கொடுத்துவிட்டால், 300 என்பது சுவரையும் சேர்த்த அளவாகிவிடும். தாளின் முதல் வரியிலேயே இதனை எழுதிவைப்பது நல்லது.

தமிழெழுத்துக்கு வேண்டிய கவனம்

ஆங்கில நூல்களில் உள்ள அளவுகளை அப்படியே எடுத்துத் தமிழுக்குப் பூட்டுதல் தகாது. கொம்பும் விசிறியும் சுழியும் நம் எழுத்துக்களுக்கு மேலும் கீழும் நீளுகின்றன. ‘கீ’ மேலே எழும். ‘கூ’ கீழே இறங்கும். வரிகள் நெருங்கினால் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். ஆகவே ‘லைன்-ஹைட்’ என்னும் வரியுயரத்தை 1.6 முதல் 1.8 வரை கொடுத்துப் பார்க்கலாம்.

ஆங்கிலத்திற் சாய்வெழுத்து அழகு. தமிழில் அதற்கு மரபில்லை. சாய்வு வடிவம் இல்லாத எழுத்துருவை மேலோடி வலிந்து சரித்துக் காட்டும். அது கண்ணை உறுத்தும். அழுத்திச் சொல்ல வேண்டியதைத் தடித்த எழுத்தில் அமைப்பதே பொருந்தும்.

தமிழ்ச் சொற்கள் நீண்டவை. ‘பெருந்தோட்டத்தொழிலாளர்களுக்கான’ என்பது ஒரே சொல். அது குறுகிய திரையில் இடங்கொள்ளாது வெளியே தள்ளும். அவ்விடத்துச் சொல்லை மடக்க ‘ஓவர்ஃப்ளோ-ரப்’ என்னும் பண்பு உதவும். இருபுற ஓரத்தையும் நேராக்க முயன்றால், நீண்ட சொற்களுக்கிடையே பள்ளங்கள் விழும். தொலைபேசித் திரையில் இடப்புறம் மட்டும் நேராயிருப்பதே வாசிப்புக்கு இனிது.

நம் நாட்டில் ஒரே பக்கத்தில் சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் இடம்பெறுதல் இயல்பு. ஒவ்வொரு பந்திக்கும் அது எம்மொழியென எச்.டி.எம்.எல்.-இற் குறித்துவிட்டால், தமிழுக்கு ஓர் எழுத்துரு, சிங்களத்துக்கு ஓர் எழுத்துரு, ஒவ்வொன்றுக்கும் தக்க வரியுயரம் என மொழிவாரியாக விதி வகுக்கலாம். 1998-ஆம் ஆண்டின் இரண்டாம் விதிமுறையிலேயே இதற்கு வழி செய்யப்பட்டது. இன்னுமொரு செய்தி தமிழ் மாணவர்க்கு மகிழ்ச்சி தரும். பட்டியலின் இலக்கமுறையைக் குறிக்கும் பண்புக்குத் ‘தமிழ்’ என்பதையே மதிப்பாகக் கொடுக்கலாம். 1, 2, 3 என்பதற்குப் பதிலாக ௧, ௨, ௩ எனப் பட்டியல் இறங்கிவரும்.

பாட்டியின் கண்ணும் பகல் வெயிலும்

அழகுக்கு முன் இரக்கம் வேண்டும். வெண்டாளில் இளஞ்சாம்பல் எழுத்து சிலருக்கு நாகரிகமாகத் தோன்றலாம். மலையில் உச்சி வெயிலில் தொலைபேசியைப் பார்ப்பவர்க்கு அது தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்னும் ஒளிவேறுபாடு சாதாரண எழுத்துக்கு இருத்தல் வேண்டுமென, 2008-ஆம் ஆண்டு வெளியான அணுகல் வழிகாட்டி கூறுகின்றது. எழுத்தளவைப் பிக்சலில் இறுக்கிவிடாமல் ‘ரெம்’ என்னும் அலகிற் கொடுப்பதும் நன்று. பார்வை மங்கிய பாட்டியார் தம் மேலோடியில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தால், அந்த அலகு அவர் விருப்பத்துக்கு இணங்கி வளரும். எழுதுபவனும் வாசிப்பவளும் தோற்றத்திற் பங்காளிகள் என்பதே இக்கலையைத் தொடங்கியோர் கருத்து.

கையிலுள்ளதே போதும்

‘எங்கள் வீட்டிற் கணினி இல்லையே’ என்று மனந்தளரும் மாணவர்க்கு ஒரு சொல். இக்கலையைப் பயில விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. எழுத்தைப் பதியும் செயலி ஒன்றும் மேலோடி ஒன்றும் போதும். இரண்டும் கைத்தொலைபேசியிலும் உண்டு. கோப்பை உங்கள் தொலைபேசியிலேயே எழுதி அதிலேயே திறந்து பார்க்கலாம். அதற்கு இணைய இணைப்புக்கூட வேண்டாம். மழைநாளில் அலைவரிசை அறுந்துபோனாலும் பயிற்சி அறுந்துபோகாது. மேலே படிக்க விரும்புவோர்க்குப் பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. அங்கே கணினி விஞ்ஞானமும் கற்பிக்கப்படுகின்றது.

இவ்வாரப் பயிற்சி இது. ‘எங்கள் தோட்டம்’ என்னும் தலைப்பில் ஒரு பக்கம் எழுதுங்கள். 1823-ஆம் ஆண்டினை முதலாகக் கொண்டு மலையகத் தமிழர் வருகையின் இருநூறாண்டு 2023-இல் நினைவுகூரப்பட்டது. அந்த நீண்ட வரலாற்றில் உங்கள் குடும்பத்தின் பங்கை அறிந்தவர் உங்கள் பாட்டனாரும் பாட்டியாரும்தான். அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தவர் வழியினர், தோட்டத்துப் பழைய பெயர் யாது, கோவில் திருவிழா எவ்வாறு நடந்தது என்பவற்றை அவர்களிடமே கேட்டு மூன்று பந்திகளாக எழுதுங்கள். கவ்வாத்து, பெரட்டு, கொந்தரப்பு, கைக்காசு முதலிய தோட்டத்துச் சொற்களுக்குப் பொருள் கூறும் ஒரு பட்டியலையும் சேர்த்துத் தமிழிலக்கம் இடுங்கள். பக்கத்தில் நிறத்தையோ அளவையோ ஓரிடத்திலும் எழுதாதீர்கள்.

பின்பு அந்த ஒரு பக்கத்துக்கு இரண்டு பாணித்தாள்கள் அமையுங்கள். ஒன்று தொலைபேசித் திரைக்கு. மற்றொன்று அச்சிட்டுப் பாடசாலைச் சுவரில் ஒட்டுவதற்கு. இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். தோற்றம் முற்றும் மாறும். பாட்டியார் சொன்ன சொல் ஒன்றேனும் மாறாது. உங்கள் பாணித்தாள் ஐந்தாண்டிற் பழையதாகிவிடும். அன்று வேறொருவர் புதிய தாள் எழுதுவார். ஆனால் பாட்டியார் சொன்னதை எழுதிவைக்க அவர் வரும்வரை காத்திருத்தல் இயலாது. அதனை ஒருங்குறித் தமிழில் இப்பொழுதே எழுதிவிடுங்கள்.

பெட்டிகளை நிரையாகவும் வரிசையாகவும் அடுக்கும் முறையை அடுத்த வாரம் காண்போம்.